நுண்பாசியில் எண்ணெயைத் தேடும் முன் நைட்ரஜன் கணக்கைப் பாருங்கள்

"நுண்ணுயிரியலில் முதுகலை முடிக்கப் போகிறேன். நுண்பாசிகளைக் கொண்டு தூய எரிசக்தியும் தயாரிக்கலாம், வேளாண்மைக்கும் உதவலாம் என்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கு இதை எடுக்கலாமா? எண்ணெய் அதிகம் தரும் இனத்தைத் தேடுவதிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம். கடைசி வாக்கியத்தில் சொன்ன தொடக்கப் புள்ளியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். எண்ணெய் தரும் இனத்தைத் தேடித்தான் இந்தத் துறை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தது. நீங்கள் எரிசக்தி, வேளாண்மை என்று இரண்டாகச் சொல்லும் விஷயத்தை நான் ஒன்றாகவே பார்க்கிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் மயங்கும் கணக்கு. நுண்பாசி என்பது ஒற்றைச் செல்லாகவோ சிறு இழையாகவோ நீரில் வாழ்ந்து ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர். குளோரெல்லா போன்ற பச்சைப் பாசிகள், கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும் டயட்டம்கள், உண்மையில் பாக்டீரியாக்களான நீலப்பச்சைப் பாசிகள் எல்லாவற்றையும் நாங்கள் இந்தப் பெயரிலேயே அழைக்கிறோம். இவற்றுக்கு வேர் வேண்டாம், தண்டு வேண்டாம், பூக்கும் பருவம் வரை காத்திருக்கவும் வேண்டாம். நல்ல நிலையில் குளோரெல்லா ஒரு நாளுக்குள் இரட்டிப்பாகிவிடும். நன்றாகப் பராமரிக்கப்படும் திறந்தவெளிக் குளம் ஒன்றில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் உலர் எடை கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 200 கிலோ, ஆண்டுக்கு எழுபது டன்னுக்கு மேல். அதில் கால்பங்கு எண்ணெய் என்றால் பதினேழு, பதினெட்டு டன். எண்ணெய்ப் பனை ஹெக்டேருக்குத் தருவது நான்கு டன் அளவில்தான். அதுவும் நல்ல விளைநிலமும் நல்ல நீரும் கேட்கும். பாசியோ உவர்நிலத்தில், உப்புநீரில்கூட வளரும்.

இந்தக் கணக்கில் பொய் எதுவும் இல்லை. எழுதாமல் விட்ட வரிகள்தான் நிறைய.

முதல் வரி, நீர். பாசிக் குளத்திலிருந்து ஒரு லிட்டர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மறுபக்கம் விரல் தெரியாத அளவுக்குப் பச்சையாக இருக்கும். 'இவ்வளவு அடர்த்தியா!' என்று மனம் பூரிக்கும். அதை வடிதாளில் ஊற்றி, நீரெல்லாம் இறங்கியபின் உலர்த்தி எடை போடுங்கள். தாளில் ஒட்டியிருப்பது நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் ஒரு மெல்லிய படலம். எடை அரை கிராம் இருந்தால் அது நல்ல குளம். அப்படியானால் ஒரு கிலோ பாசி 2,000 லிட்டர் நீரில் கலந்து நிற்கிறது, ஒரு டன் பாசிக்கு 2,000 டன் நீரைக் கையாள வேண்டும். இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் இந்த வடிகட்டும் வேலையை ஒருமுறையாவது தன் கையால் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அறுவடை என்ற சொல்லின் பாரம் அப்போதுதான் புரியும்.

படிய வைத்தும், மைய விலக்கு இயந்திரத்தில் சுழற்றியும் நீரைப் பிரித்தால் கிடைப்பது ஒரு பச்சைக் கூழ். அதில் ஐந்தில் ஒரு பங்கு பாசி, மீதி நீர். ஒரு கிலோ உலர்பாசிக்கு நான்கு கிலோ நீர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.6 மெகாஜூல் வெப்பம் செலவாகும் என்று வைத்தால், நான்கு கிலோவுக்குப் பத்து மெகாஜூலுக்கு மேல். ஒரு கிலோ உலர்பாசியை முழுதாக எரித்தாலே இருபது மெகாஜூல் அளவுதான் கிடைக்கும். ஆக, வருமானத்தில் பாதி உலர்த்துவதிலேயே போய்விடுகிறது. எரிபொருள் கொண்டு உலர்த்திய பாசியிலிருந்து எரிபொருள் எடுப்பது என்ற யோசனை இங்கேயே நின்றுவிடும். வெயிலில் உலர்த்தலாம்தான், ஆனால் பெரிய அளவில் பரப்பி வைக்க இடம் வேண்டும், மழைக்குப் பயப்பட வேண்டும், கூழ் அழுகத் தொடங்குமுன் காய வேண்டும்.

உலர்த்தாமலே எண்ணெய் எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஈரக் கூழை அப்படியே 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் வைத்தால் அது கச்சா எண்ணெய் போன்ற கரிய திரவமாக மாறும். நீர்வெப்பத் திரவமாக்கல் என்று சொல்லலாம். பாசியில் இருக்கும் கொழுப்பு மட்டுமல்லாமல் புரதமும் மாவுச்சத்தும்கூட எண்ணெயாவதால் விளைச்சல் அதிகம். இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் புரதத்தோடு சேர்ந்து நைட்ரஜனும் எண்ணெய்க்குள் ஏறிவிடுகிறது. சுத்திகரிப்பு ஆலைகளின் வினையூக்கிகளுக்கு நைட்ரஜன் ஆகாது. மீண்டும் ஹைட்ரஜன் கொடுத்து அதை நீக்க வேண்டும். எரிபொருளுக்குள் நைட்ரஜன் போவது இரட்டை நஷ்டம். எண்ணெயும் கெடுகிறது, உரமும் போகிறது.

உரம் என்றேன் அல்லவா, விட்டுப்போன வரிகளில் மிக முக்கியமானது அதுதான். பாசியின் உலர் எடையில் ஏழு சதவீதம் நைட்ரஜன் என்பது சாதாரணம், பத்து வரைகூடப் போகும். ஒரு சதவீதம் அளவுக்குப் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து. ஒரு டன் பாசி வளர்க்க 70 கிலோ நைட்ரஜன் தேவை. அதை உர ஆலையில் செய்த நைட்ரஜனாகப் போட்டால், கிலோவுக்குச் சுமார் 50 மெகாஜூல் செலவு என்று கொண்டாலும் 3,500 மெகாஜூல் ஆகிறது. அந்த ஒரு டன் பாசிக்குள் இருக்கும் மொத்த ஆற்றல் 20,000 மெகாஜூல்தான். ஆறில் ஒரு பங்குக்கு மேல் உரத்திலேயே போய்விட்டது. அந்த உரமும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வந்தது. நீர் இறைக்க, கலக்க, பிரிக்க, கரியமில வாயு ஊத இன்னும் செலவு இருக்கிறது. இப்படி வளர்த்த பாசி எரிபொருளைத் தூய எரிசக்தி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். பாசி சேமிக்கும் எண்ணெயில், அதாவது டிரைகிளிசரைடில், இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும். நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் இல்லை. மீத்தேனிலும் இல்லை. பாசியிலிருந்து நமக்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் காற்றும் நீரும் வெயிலும் தந்த பொருள்களில் அடங்கியிருக்கிறது. உரமாகப் போட்டவை எல்லாம் மிச்சத்தில் நிற்கின்றன, அல்லது நிற்க வேண்டும். ஆற்றலை வெளியே எடுத்துக்கொண்டு சத்துகளைத் திரும்பக் குளத்துக்கோ வயலுக்கோ அனுப்பினால் கணக்கு நிமிர்ந்துவிடும். அனுப்பாவிட்டால் எத்தனை சிறந்த இனத்தைக் கண்டுபிடித்தாலும் நிமிராது. எரிசக்தியும் வேளாண்மையும் ஒரே விஷயம் என்று நான் சொன்னது இதனால்தான்.

இனத்தைத் தேடிய கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் உழைப்பு மிச்சமாகும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை ஒரு பெரிய நுண்பாசி எரிபொருள் திட்டத்தை நடத்தியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைச் சேகரித்து, அவற்றில் முந்நூறு அளவுக்குச் சலித்து எடுத்தார்கள். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்களில் வளர்த்தும் பார்த்தார்கள். அந்தத் திட்டத்தின் இறுதி அறிக்கை 1998-இல் வெளிவந்தது. அதை முழுதாகப் படியுங்கள். தோல்வியடைந்த இடங்களை ஒளிக்காமல் எழுதிய அறிக்கை அது, அதற்காகவே அதை எழுதியவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆய்வகத்தில் முதலிடம் பிடித்த இனங்கள் வெளிக் குளத்தில் தாக்குப்பிடிக்கவில்லை, உள்ளூர்ப் பாசிகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன, பாலைவன இரவுக் குளிரில் விளைச்சல் விழுந்தது. பிறகு 2009-இல் எக்ஸான்மொபில் நிறுவனம் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவிடும் திட்டத்தை அறிவித்தது. 2023 தொடக்கத்தில் பாசி எரிபொருள் ஆய்விலிருந்து எக்ஸான்மொபில் விலகிக்கொண்டது.

அந்த முயற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2017-இல் அவர்கள் குழு நானோகுளோராப்சிஸ் என்ற பாசியில் ஒரு மரபணுவின் வேகத்தைக் குறைத்து, எண்ணெயை இருபது சதவீதத்திலிருந்து நாற்பதுக்கு மேல் உயர்த்திக் காட்டியது. அதுவும் வளர்ச்சி பெரிதாகக் குறையாமல். அது ஏன் பெரிய செய்தி என்றால், பாசி சாதாரணமாக எண்ணெய் சேர்ப்பது பட்டினியில்தான். நைட்ரஜனை நிறுத்தினால் புதிய புரதம் செய்ய வழியில்லாமல், பிடித்த ஒளியையெல்லாம் கொழுப்பாகக் கட்டிவைக்கும். நைல் ரெட் சாயம் போட்டு ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் பொன்மஞ்சள் துளிகள் மின்னும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. ஆனால் அந்தத் துளிகள் பெருகும் நாள்களில் செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. எண்ணெய்ச் சதவீதம் இரட்டிப்பாகும், மொத்தப் பாசி பாதியாகும், கையில் வந்தது பழைய அளவுதான். 'எண்ணெய் 50 சதவீதம்' என்று யாராவது சொன்னால், ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் எண்ணெய் என்று திருப்பிக் கேளுங்கள்.

குளத்தின் நடைமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாகுபடிக் குளங்கள் ஓட்டப்பந்தயத் தடம்போல நீள்வட்டமாக இருக்கும். ஆழம் இருபது, முப்பது சென்டிமீட்டர். துடுப்புச் சக்கரம் ஒன்று நீரை வினாடிக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் வேகத்தில் சுற்றிவரச் செய்யும். நண்பகலில் மேல்மட்டத்துச் செல்கள் தாங்க முடியாத அளவுக்கு ஒளியைப் பிடித்து அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கும், ஒரு கை ஆழத்தில் இருக்கும் செல்களோ இருட்டில் கிடக்கும். இதனால்தான் ஒளிச்சேர்க்கையின் கோட்பாட்டு உச்சம் சூரிய ஆற்றலில் பதினொரு, பன்னிரண்டு சதவீதம் என்றாலும், வெளியில் கிடைப்பது ஒன்று முதல் மூன்று சதவீதம்.

பிறகு குளத்தில் நாம் மட்டும் அறுவடைக்காரர் இல்லை. ஒருமுறை எங்கள் சோதனைக் குளம் ஒன்று, வியாழக்கிழமை வரை கரும்பச்சையாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்குள் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய நீர்விலங்குகள். தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோல் மயிரிழைகள் அசைய, சுழலில் இழுபட்டுப் பச்சைச் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடி போன்ற உடலுக்குள் வயிறு பச்சையாக நிரம்பியிருந்தது. புதன்கிழமைச் சொட்டில் அப்படி இரண்டு இருந்ததை நான் பார்த்தும் பொருட்படுத்தவில்லை. அன்றே பி.எச். அளவை மாற்றியோ, கொஞ்ச நேரம் அம்மோனியா அளவைக் கூட்டியோ அவற்றைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். தினமும் ஒரு சொட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது என்பதை அதன்பிறகு நான் ஒருநாளும் விட்டதில்லை. ஸ்பைருலினாவும் டுனாலியெல்லாவும் பெரிய அளவில் வெற்றிகரமாக வளர்க்கப்படுவதற்கு முக்கியக் காரணமே, முன்னது கடும் காரநீரிலும் பின்னது கடும் உப்பிலும் வாழ்வதால் மேய வரும் உயிர்கள் குறைவு என்பதுதான். இவ்விரு பாசிகளையும் உணவாகவும் நிறமியாகவும் விற்றால் கட்டுப்படியாகிறது. எரிபொருளாக விற்றால் ஆகாது.

அப்படியானால் வழி எங்கே? வேண்டாத சத்து எங்கே கொட்டிக் கிடக்கிறதோ அங்கே. கழிவுநீர், கால்நடைப் பண்ணைக் கழிவு, சாண எரிவாயுக் கலத்திலிருந்து வெளிவரும் கரைசல். 1950-களிலேயே கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்டும் அவருடைய சகாக்களும் இதை அழகாக விளக்கிவிட்டார்கள். ஆழம் குறைந்த குளத்தில் பாக்டீரியா கழிவைச் சிதைத்து கரியமில வாயுவையும் அம்மோனியத்தையும் பாசிக்குக் கொடுக்கிறது, பாசி ஆக்சிஜனைப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரம் செலவழித்துக் காற்றூதும் வேலையை இங்கே வெயில் செய்துவிடுகிறது. கவனியுங்கள், இங்கே மிச்சமாகும் மின்சாரமும் எரிசக்திதான். பாசியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட எடுக்காமலே எரிசக்திப் பலன் வந்துவிட்டது. இதைப் பலர் கணக்கில் எழுதுவதே இல்லை.

அந்தக் குளத்துப் பாசியை உலர்த்தாமல், எண்ணெய் பிழியாமல், காற்றில்லாக் கலத்தில் நொதிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கும். ஆஸ்வால்டும் அவருடைய சகா கோலூக்கும் இதையும் அந்தப் பத்தாண்டிலேயே முயன்றார்கள். இதற்கு ஓர் இடையூறு உண்டு. பாசியில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் ஆறுக்கு ஒன்று அளவில்தான். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இருபது முதல் முப்பதுக்கு ஒன்று என்பது சௌகரியம். பாசியை மட்டும் போட்டால் அம்மோனியா மிகுந்து கலம் மந்தமாகும். வைக்கோல் போன்ற கார்பன் மிகுந்த வேளாண் கழிவைச் சேர்த்தால் விகிதம் சரியாகும். பாசியின் தடித்த செல்சுவர் செரிக்க மறுப்பது இன்னொரு தொல்லை. லேசாகச் சூடாக்கியோ நொதி சேர்த்தோ அதைத் தளர்த்தும் ஆய்வுகள் நிறைய நடக்கின்றன. கலத்திலிருந்து வெளிவரும் கரைசலில் நைட்ரஜன் அம்மோனியமாக, பயிருக்கும் பாசிக்கும் உடனே எடுக்கத் தோதான வடிவில் இருக்கும். கலத்து எரிவாயுவில் மீத்தேனோடு கலந்துள்ள கரியமில வாயுவைக் குளத்தில் ஊதிவிட்டால் ஒரு கிலோ பாசி வளரும்போது சுமார் 1.8 கிலோவைப் பிடித்துக்கொள்ளும், எரிவாயுவும் சுத்தமாகும். பிடித்த கார்பன், எரித்தபின் மீண்டும் காற்றுக்குத்தான் போகிறது என்பதை மறந்து 'கார்பனைப் புதைக்கிறோம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வேளாண்மைப் பக்கம் வந்தால், எனக்கு மிகவும் பிடித்தவை நைட்ரஜனைக் காற்றிலிருந்தே பிடிக்கும் நீலப்பச்சைப் பாசிகள். உர ஆலையில் அம்மோனியா செய்ய 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் வேண்டும். உலகம் செலவிடும் ஆற்றலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் இதற்கே போகிறது. நாஸ்டாக், அனபீனா போன்றவை அதே வேலையை வயல் நீரின் வெப்பத்தில் செய்கின்றன. இதில் ஒரு சிக்கலை அவை தீர்த்திருக்கும் விதம் வியப்பானது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும், பாசியோ நாளெல்லாம் ஆக்சிஜன் வெளியிடுகிறது. எனவே முத்துச்சரம் போன்ற இழையில் பத்துப் பதினைந்து செல்லுக்கு ஒரு செல், தடித்த சுவர் கட்டிக்கொண்டு, ஆக்சிஜன் வெளியிடுவதை நிறுத்திவிட்டு, நைட்ரஜன் பிடிக்கும் வேலைக்கென்றே ஒதுங்கிவிடுகிறது. பக்கத்துச் செல்கள் அதற்குச் சர்க்கரை கொடுக்கின்றன, அது அவற்றுக்கு நைட்ரஜன் கொடுக்கிறது. நுண்ணோக்கியில் அந்த ஹெட்டிரோசிஸ்ட் செல்கள் வெளிறிய மணிகளாகத் தனித்துத் தெரியும்.

நெல்வயல் ஆண்டுக்கணக்கில் உரமில்லாமலும் ஓரளவு விளைந்துகொண்டிருப்பதற்கு இந்தப் பாசிகள் ஒரு காரணம் என்பதை 1939-இல் ஆய்வாளர் பி. கே. தே நிறுவினார். உவர்ப்பட்ட நிலத்தை நீலப்பச்சைப் பாசியால் திருத்தலாம் என்று ஆர். என். சிங் 1950-இல் எழுதினார். பருவத்துக்கு ஹெக்டேருக்கு இருபது, முப்பது கிலோ நைட்ரஜன் என்பது இவற்றிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவு. உரத்தை முழுவதும் நிறுத்திவிடலாம் என்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள், ஒரு பகுதியைக் குறைக்கலாம் என்பவர்களை நம்பலாம். அசோலா இன்னும் வசதி. இலைக் குழிக்குள் இந்தப் பாசியைக் குடிவைத்திருக்கும் சிறு நீர்ப்பெரணி அது. கையால் அள்ளலாம், மைய விலக்கு இயந்திரம் வேண்டாம். அறுவடைச் சிக்கலை இயற்கையே தீர்த்து வைத்திருக்கிறது என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நைட்ரஜன் பிடிக்காத பாசிகளாலும் மண்ணுக்குப் பயன் உண்டு. அவை சுரக்கும் பசை போன்ற சர்க்கரைப் பொருள்கள் மண் துகள்களைக் கட்டி நீரைப் பிடித்துவைக்கும். செல்லுக்குள் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செல் சிதையச் சிதைய மெதுவாக வெளிவருவதால் மழையில் அடித்துக்கொண்டு போவது குறைவு. பாஸ்பரஸ் விஷயத்தில் இது முக்கியம். நைட்ரஜன் காற்றில் எப்போதும் இருக்கும், பாஸ்பரஸைப் பாறையிலிருந்துதான் வெட்டியெடுக்க வேண்டும், அதுவும் சில நாடுகளிலேயே அதிகம் கிடைக்கிறது. கழிவுநீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போகும் பாஸ்பரஸைப் பாசியால் பிடித்து வயலுக்குத் திருப்புவது என்ற ஒன்றுக்காக மட்டுமே இந்தத் துறையில் ஒரு வாழ்நாள் உழைக்கலாம்.

ஆனால் பாசி உரம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பலவற்றை என்னால் ஏற்க முடிவதில்லை. தொட்டியில் செடி, ஒன்றுக்குப் பாசி, இன்னொன்றுக்கு வெறும் நீர். பாசி ஊற்றிய செடி வளர்ந்துவிட்டது, ஆகவே பாசி பயிர் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று முடித்துவிடுகிறார்கள். பாசியோடு போனது அது வளர்ந்த ஊடகமும், அதாவது சத்துக் கரைசலும்தான். ஆய்வகங்களில் நீலப்பச்சைப் பாசி வளர்க்கும் பிஜி-11 ஊடகத்தில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் சோடியம் நைட்ரேட் இருக்கிறது. செடி வளர்ந்தது பாசியாலா, நைட்ரேட்டாலா? இதைப் பிரித்தறிய வேண்டுமானால் வெறும் நீரோடு ஒப்பிட்டால் போதாது. அதே அளவு நைட்ரஜனும் பாஸ்பரஸும் சாதாரண உரமாகப் போட்ட தொட்டி ஒன்று வேண்டும். பாசியை வடிகட்டி நீக்கிய ஊடகம் மட்டும் ஊற்றிய தொட்டி ஒன்று வேண்டும். வெப்பத்தில் கொன்ற பாசி போட்ட தொட்டி ஒன்று வேண்டும், ஏனென்றால் உயிருள்ள பாசியும் செத்த பாசியும் ஒரே பலன் தந்தால் அது வெறும் அங்கக உரம், அவ்வளவுதான். வெறும் நீர்த் தொட்டியையும் சேர்த்து இந்த நான்கையும் வைத்து, உண்மையான வயல்மண்ணில், இரண்டு பருவமாவது செய்த ஆய்வு ஒன்றே நூறு தொட்டி ஆய்வுக்குச் சமம்.

ஆபத்துகளையும் மறைக்கக்கூடாது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். எந்த இனத்தை வயலில் விடுகிறோம் என்பதைப் பெயரளவில் இல்லாமல், மரபணு வரிசை பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். கழிவுநீர்ப் பாசி காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களையும் ஒட்டவைத்துக்கொள்ளும். நீரைச் சுத்தம் செய்ய அது நல்ல குணம், உரமாக்கும்போது அதுவே கெட்ட குணம். தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரில் வளர்ந்த பாசியை உணவுப் பயிருக்குப் போட நான் சம்மதிக்கமாட்டேன்.

அளவீடுகளில் ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருங்கள். நான்கு பக்கமும் விளக்கு எரியும் அலமாரியில் 250 மில்லிலிட்டர் குடுவை தரும் விளைச்சலை ஹெக்டேருக்குப் பெருக்காதீர்கள், குளத்துக்கு வெளிச்சம் மேலிருந்து மட்டுமே வரும். உலர் எடையில் சாம்பலைக் கழித்து எழுதுங்கள், உப்புநீர்ப் பாசியில் சாம்பல் மிக அதிகம். கரைப்பானில் இறங்கியதையெல்லாம் எண்ணெய் என்று எடை போடாதீர்கள். பச்சையமும் மற்ற நிறமிகளும் அதில் சேர்ந்தே வரும். கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டராக மாற்றி வாயு நிறப்பிரிகையில் அளந்தால் பாதியாகக் குறைந்துவிட்ட எண்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கேள்வியை எடுப்பது என்றால், நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்: சாண எரிவாயுக் கரைசலில் பாசி வளர்த்து, அந்தப் பாசியையும் வைக்கோலையும் மீண்டும் கலத்துக்கு அனுப்பி, மிச்சத்தை வயலுக்கு விடும் சுழற்சியில் நைட்ரஜன் எங்கெல்லாம் ஒழுகுகிறது? கரைசல் கருப்பாக இருப்பதால் ஒளி உள்ளே போகாது, அம்மோனியா மிகுதியால் பாசி நோகும், நீர்த்தால் நீர்ச்செலவு ஏறும். ஒவ்வொன்றும் தீர்க்கத் தகுந்த சிக்கல். எண்ணெய் மிகுந்த இனத்தைவிட அம்மோனியாவைத் தாங்கும், தானாகத் திரண்டு படியும் இனத்தைத் தேடுங்கள். அப்படிப் படியும் குணம் இருந்தால் அறுவடைச் செலவு பெருமளவு குறைந்துவிடும். அது எந்தப் போட்டிப் பட்டியலிலும் முதலிடம் பெறாது, குளத்தில் நிலைக்கும்.

முதல் மூன்று மாதம் வேறெதுவும் செய்யாமல் ஒரு சின்னத் தொட்டியில் நைட்ரஜன் வரவுசெலவு எழுதிப் பழகுங்கள். உள்ளே போட்டது எவ்வளவு, பாசியில் எவ்வளவு, தெளிந்த நீரில் எவ்வளவு, அடியில் படிந்ததில் எவ்வளவு. கூட்டினால் போட்டதற்குச் சமமாக வரவேண்டும். முதல் தடவை வராது, கணிசமான பங்கு காணாமல் போயிருக்கும். உங்கள் அளவீட்டைச் சந்தேகிக்கும் முன் நண்பகல் பி.எச். அளவைப் பாருங்கள். கரியமில வாயு போதாத தொட்டியில் பாசி கரைந்த கார்பனை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஒன்பதைத் தாண்டிப் பத்தை நெருங்கும். அந்த நிலையில் அம்மோனியம் பெரும்பாலும் அம்மோனியா வாயுவாகிவிடும். தொட்டியருகே குனிந்தால் மூக்கிலேயே அது தெரியும்.